குடும்ப அட்டைக்குப் பிந்திய வாழ்வு: நீலகிரியில் தாயகம் திரும்பியோர் பற்றி ஒரு மறுபரிசீலனை

1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து வந்து, தமிழ்நாட்டின் சமவெளி மாவட்டங்களில் வியாபாரக் கடன் பெற்றுக் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களிற் பல, சில காலத்துக்குள்ளேயே அவ்விடங்களைக் கைவிட்டு நீலகிரிக்கு ஏறி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளில் தேயிலைக் கூலிகளாய் அமர்ந்தமைக்கு, பழகிய தொழிலின் மீது அவர்களுக்கு இருந்த பற்றே காரணம் என்று ஆராய்ச்சியாளரில் ஒரு சாரார் நெடுங்காலமாக எழுதி வருகின்றனர். ஜெகதளாவைச் சுற்றியுள்ள படுகர் சிறுதோட்டங்களில் பச்சை இலை பறிப்போரின் பூர்விகத்தை விசாரிக்கும் எவருக்கும் இவ்விளக்கம் முதலில் இசைவாகவே தோன்றும். ஆயினும் அது காரியத்தைக் காரணமாகக் கொள்கிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

அச்சாரார் தம் கொள்கைக்கு ஆதாரமாகக் கொள்வது குடும்ப அட்டை. கண்டியிலிருந்த இந்தியத் தூதரகக் கிளையில் வழங்கப்பட்ட அவ்வட்டையில் குடும்பத்தினரின் பெயர்களும், அவர்கள் போய்ச் சேரவேண்டிய இடமும், அவர்களுக்குரிய உதவித் திட்டமும் குறிக்கப்பட்டன. மண்டபம் முகாமிலும் பின்னர் மாவட்ட அலுவலகங்களிலும், உதவி அளிக்கப்பட அளிக்கப்பட, அதிலேயே பதிவு செய்யப்பட்டது. பின்னாளில் 5,000 ரூபாய் வரை உயர்ந்த வியாபாரக் கடனின் தவணைகள் முழுதும் அட்டையில் ஏறியிருப்பதையும், அக்குடும்பம் இன்று மலைமேல் கூலி வேலையில் இருப்பதையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்கள், அரசு தன் கடமையைச் செய்து முடித்தது என்றும், பெற்றவர்களே கடையை விட்டுத் தேயிலையை நாடினர் என்றும் முடிவு கட்டுகின்றனர். ஆனால் இவ்வாவணத்தின் இயல்பை நாம் சற்று நிதானித்து நோக்க வேண்டும். கப்பலேறுமுன் எழுதத் தொடங்கப்பெற்று, கடைசித் தவணையோடு முடிந்துவிடும் ஒரு பதிவு, கொடுத்தவரின் செயலுக்குச் சாட்சியாகுமேயன்றிப் பெற்றவரின் ஜீவனத்துக்குச் சாட்சியாக மாட்டாது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் பிழைத்த ஒருவர், தமக்கு உறவோ அறிமுகமோ இல்லாத ஓர் ஊரில் கடை வைத்த ஆறாம் மாதத்தில் கொள்முதலுக்குக் கையில் பணமின்றி நின்றபோது, கடன் கேட்க வேண்டியது யாரை, சரக்கைக் குறைப்பதா தொழிலையே மாற்றுவதா என்று யோசனை சொல்ல வேண்டியவர் யார் என்னும் கேள்விகளுக்கு அவ்வட்டையில் இடமே இல்லை. அட்டையில் மட்டுமல்ல, திட்டத்திலேயே இல்லை. அத்தகைய வேளையில் நீலகிரியில் வேலை கிடைக்கும் என்று உறவினரிடமிருந்து வந்த செய்தி ஒன்றே அவருக்கு எட்டிய ஆலோசனையாக இருந்தது. பற்று என்று நம்மவர் பெயரிட்டது, பெரும்பாலும், வேறு வழிகாட்டுவார் இன்மையே எனலாம்.

இதனை அட்டை ஒன்றைக் கொண்டே நிலைநாட்டிவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும், பற்றே காரணமாயின் அது மக்களுக்கும் ஓரளவு இறங்கியிருக்க வேண்டும். அக்குடும்பங்களின் இளந்தலைமுறையினரோ திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் வேலை தேடி இறங்கிக்கொண்டிருக்கின்றனர். தரகர்கள் கடன் பணத்தைச் சுரண்டியதே முழுக் காரணம் என்பாரும் உளர். சுரண்டல் நடந்தது மெய்யே. உடனிருந்து கவனிப்பார் இருந்த இடத்தில் தரகனுக்கு என்ன வேலை?

இதற்கு மறுதலையாக எடுத்துக்காட்டப்படுவது டான்டீ என்னும் அரசுத் தேயிலைத் தோட்டங்கள். தாயகம் திரும்பியோருக்கு வேலையளிக்கும் பொருட்டு 1968இல் வனத்துறையின் திட்டமாகத் தொடங்கி, பின்னர் அரசு நிறுவனமாக மாறிய அத்தோட்டங்களில் அமர்த்தப்பட்டவர்களில் மிகப் பலர் ஓய்வு பெறும் வரை நிலைத்திருந்தனர். இதை வெற்றி என்று எழுதுவதில் எனக்குப் பெரிய சம்மதம் இல்லை. குடியிருந்த லைன் வீடு வேலையோடு பிணைந்திருந்தமையால், வேலையை விடுவது வீட்டையும் விடுவதாயிற்று. ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலை அவர்களை இன்றும் வருத்துகிறது. கொழுந்து பறிக்கச் சேர்ந்தவர் கொழுந்து பறிப்பவராகவே ஓய்வு பெற்றார் என்றால், அங்கே உத்தியோகத்தில் நிலைபேறு இருந்தது, உயர்வு இல்லை. சமவெளியில் கடன் மட்டும் கொடுத்தார்கள். மலையில் வேலை மட்டும் கொடுத்தார்கள். அதன்பின் உடனிருந்து தாங்குவார் இரண்டிடத்திலும் இல்லை.

உதவித்தொகையை விட்டு வேலைக்குச் சென்றோரைப் பின்தொடர்ந்து தாங்கும் முறை பிற நாடுகளிலும் எளிதில் பலித்துவிடவில்லை. அமெரிக்காவில் 1990களின் நடுவில் சிகாகோ, போர்ட்லண்ட், ரிவர்சைடு, சான் அன்டோனியோ ஆகிய நான்கு இடங்களில், வேலை கிடைத்த பின்னும் ஆலோசகர் தொடர்பு கொள்ளும் ஏற்பாடு சோதிக்கப்பட்டபோது பலன் அற்பமாகவே இருந்தது. அடுத்து வந்த பெருஞ்சோதனையில் பரிசீலிக்கப்பட்ட 12 திட்டங்களில் மூன்றே தெளிவான வருமான உயர்வைக் காட்டின. அம்மூன்றில் ஒன்றாகிய டெக்ஸாஸ் மாநிலத்துக் கார்ப்பஸ் கிறிஸ்டியில், வாரம் 30 மணி நேரமாவது உழைத்து, முன்னேற்றத்துக்கான முயற்சியிலும் ஈடுபட்டவருக்கு மாதம் 200 டாலர் ஊக்கத்தொகை சேர்க்கப்பட்டிருந்தது. ஆகவே வெறும் குசலம் விசாரிக்கும் அதிகாரியால் பிரயோஜனம் குறைவு. கையில் ஏதேனும் அதிகாரமும் பொருளும் உள்ளவரே வேண்டும். நம் மாவட்ட அலுவலர்களிடம் இரண்டும் முதல் தவணையின்போது இருந்தன, கடைசித் தவணையோடு தீர்ந்தன.

தோட்டத் தொழிலாளரைப் பின்தொடர்ந்து கவனிக்கும் மனிதன் முன்பே இருந்தான், அவனே கங்காணி, அவன் செய்ததென்ன என்று ஒரு நண்பர் என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. கங்காணி தொழிலாளியை ஊரிலிருந்து அழைத்து வந்தான், நோயிலும் சாவிலும் முன்னின்றான், முன்பணக் கடனால் அவனைக் கட்டியும் வைத்தான். தொழிலாளி உயர்ந்து வெளியேறுவது அவனுக்கு நஷ்டம். தாங்குபவனே கடன் கொடுத்தவனாகவும் இருந்ததே அங்குக் கேடு. அத்தகைய கடன் தொடர்பு இல்லாத அலுவலர் ஒருவரை, குடும்பத்துக்கு ஐந்தாண்டுகளேனும், நியமிக்க அதிகச் செலவாகியிருக்கும் என்ற வாதம், ஒருமுறை கொடுத்த கடன் வீணான கணக்கின் முன் நிற்காது.

டான்டீயின் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பி ஒப்படைக்க 2022இல் அரசு ஆணையிட்டது. தோட்டங்கள் குறுகும்போது அவற்றின் செக்ரோல் என்னும் வருகைப் புத்தகங்களும் வருங்கால வைப்பு நிதிப் பதிவேடுகளும் கேட்பாரற்றுப் போவது எளிது. அட்டை முடிந்த இடத்திலிருந்து ஒரு குடும்பத்தின் கதையைத் தொடரக்கூடிய பதிவுகள் அவையே. குன்னூர், கூடலூர் வட்டங்களில் அவற்றைத் திரட்டிக் காக்கும் பணியைப் பல்கலைக்கழகங்களும் ஆவணக் காப்பகமும் தாமதமின்றி மேற்கொள்ள வேண்டும். அதுவரை, அட்டைகளைக் கூட்டிக் கழித்துப் பெற்ற எண்களை உதவி பெற்றோரின் தொகையாகக் கொள்ளலாமேயன்றி, வாழ்வு நிலைபெற்றோரின் தொகையாகக் கொள்ளலாகாது.