தார் றோட்டுக்கு வெளியே உள்ள வன்னி

விடுமுறைக்குப் பிள்ளைகளுக்கு என்ன பயிற்சி என்று பெற்றோர் கேட்டார்கள். ஓட்டம், சைக்கிள், அதோடு படமும் திசைகாட்டியும் வைத்துக்கொண்டு வெளியில் இடம் தேடிப் போவது என்று சொன்னோம். முதல் இரண்டுக்கும் எல்லோருக்கும் சம்மதம். மூன்றாவதுக்குத்தான் முகம் மாறியது. "போனில மெப் இருக்கே சேர், பிறகேன் இது?" என்றார் ஒரு வாப்பா. "என்ன செய்தாலும் றோட்டை விட்டு மட்டும் இறக்க வேணாம்" என்றார் ஒரு உம்மா. இரண்டு பேரும் கேட்டது நியாயமான கேள்விகள்தான். ஆனால் இரண்டுக்கும் பின்னால் எங்கள் மண்ணின் நீண்ட கதை இருக்கிறது. அதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

இந்த மூன்றாவது விளையாட்டை ஓரியன்டீரிங் என்கிறார்கள். படத்தில் குறித்த இடங்களை ஒழுங்காகத் தேடிப்பிடித்து ஓடிமுடிக்க வேண்டும். பொதுமக்களுக்கான முதல் போட்டி 1897 ஒக்டோபர் 31 அன்று நோர்வேயில், ஒஸ்லோவுக்கு அருகில் நடந்தது. அதைப் பெரிதாக வளர்த்தவர் சுவீடனின் ஏர்ன்ஸ்ட் கிலாண்டர் என்ற இராணுவ அதிகாரி. சாரணர் தலைவராகவும் இருந்தவர். மைதானத்தில் சுற்றிச்சுற்றி ஓடுவதில் இளைஞர்களுக்கு ஆர்வம் குறைவதைக் கண்டு, கையில் படத்தைக் கொடுத்துக் காட்டுக்குள் ஓடவிட்டார். 1919 இல் ஸ்டொக்ஹோமுக்கு அருகே அவர் நடத்திய போட்டிக்கு 200 பேருக்கு மேல் வந்தார்கள். மைதானத்தில் ஐந்தாவது சுற்றிலேயே களைத்துப்போய் நிற்கும் எங்கள் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளைப் பார்க்கும்போது கிலாண்டரின் கவலை எங்களுக்கு நன்றாகவே விளங்குகிறது.

ஆனால் காட்டில் வழி கண்டுபிடிப்பதை நோர்வேக்காரரிடம் படிக்க வேண்டிய தேவை வன்னிக்கு இருக்கவில்லை. இங்கே அது பிழைப்பு. பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குள் போய் மாலைக்குள் வீடு திரும்ப வேண்டும். தேன் எடுக்கப் போனவர் திரும்ப வேண்டும். பட்டி மாடு தவறினால் அடி பார்த்துப் போய்ப் பிடித்துவர வேண்டும். காட்டுக்குள் நுழையும்போது கொப்பொன்றை முறித்துத் தொங்கவிட்டு ஐயனாரை வேண்டிக்கொள்ளும் வழக்கத்தை, நீர்ப்பாசனப் பொறியியலாளராக இருந்த ஹென்றி பாக்கர் 1909 இல் வெளிவந்த தன் நூலில் எழுதியிருக்கிறார். நம்பிக்கை அவரவருக்கு. முறித்த கொப்பு திரும்பும் வழியையும் காட்டும் என்பது மட்டும் எல்லோருக்கும் பொது.

இன்னொரு கதையைப் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்வோம். ரொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1660 இல் கண்டி அரசனிடம் பிடிபட்டு, 19 வருடங்களுக்கு மேல் தடுத்துவைக்கப்பட்டிருந்தார். அவரும் ஸ்டீபன் றட்லண்ட் என்ற தோழரும் சில்லறைச் சாமான் விற்பவர்களாக ஊரூராகத் திரிந்து வடக்குப் பக்கத்துப் பாதைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தார்கள். 1679 இல் காய்ந்த மான் இறைச்சி வாங்க வந்ததாகச் சொல்லி அனுராதபுரம் வரை வந்துவிட்டார்கள். அதற்கப்பால் பாதையும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. அவர்கள் செய்தது ஒன்றுதான்: மல்வத்து ஓயாவை விடாமல் பிடித்துக்கொண்டு அதன் கரையோடு கீழ்நோக்கி நடந்தார்கள். எங்கள் பக்கத்தில் அதே ஆற்றுக்குப் பெயர் அருவியாறு. யானைக்குப் பயந்து இரவில் நெருப்பு மூட்டினார்கள். ஒக்டோபர் 18 அன்று கடற்கரையில் அரிப்பு ஒல்லாந்தர் கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். படமில்லை, வழிகாட்டியில்லை, ஓர் ஆறு மட்டுமே துணை. இன்று ஓரியன்டீரிங் பழக்குபவர்கள் முதல் பாடமாகச் சொல்லிக்கொடுப்பதும் இதுதான். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்குவதுபோல, ஆறு, வேலி, வாய்க்கால் என்று நீளமான ஒன்றைப் பிடித்துக்கொண்டு போ என்பார்கள்.

வன்னியில் அந்தக் கைப்பிடி எங்கும் இருக்கிறது. குளம் எங்கே இருந்தாலும் அதன் அமைப்பு ஒன்றுதான். மேலே அலைகரை, கீழே அணைக்கட்டு, அதில் துருசு, துருசிலிருந்து வாய்க்கால், வாய்க்காலோடு வயல், வயலுக்குப் பக்கத்தில் ஊர். கோடையில் வழி தவறிய ஒருவர் காய்ந்த ஓடையொன்றைக் கண்டு அதோடு கீழே இறங்கினால் பெரும்பாலும் ஒரு குளத்துக்கு வருவார். குளத்துக்கு வந்தால் கட்டுக்கு வருவார், கட்டுக்கு வந்தால் மனிதர்களிடம் வருவார். தூரத்தில் மருதமரங்கள் வரிசையாகத் தெரிந்தால் அங்கே ஆறோ ஓடையோ போகிறது. ஈரப்பெரியகுளம், புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று ஏ-9 வீதியில் பஸ் கொண்டக்டர் கூப்பிடும் பெயர்களே ஒரு படம்தான். நாங்கள்தான் அதைத் தரிப்பிடப் பட்டியலாக மட்டும் கேட்கப் பழகிவிட்டோம்.

வழி தெரிந்தவனுக்கு எவ்வளவு பலம் இருந்தது என்பதற்கு 1803 சாட்சி. அந்த வருடம் ஓகஸ்ட் 25 இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தான். காட்டை அறிந்தவனைக் காட்டுக்குள் தேடி வெல்வது இலேசல்ல. அதனால் ஆங்கிலேயர் மன்னார், யாழ்ப்பாணம், திருகோணமலை என்று மூன்று திசையிலிருந்தும் படை அனுப்பினார்கள். ஒக்டோபர் 31 விடியப்புறம் கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படை எதிர்பாராமல் பாய்ந்தது. இலங்கையில் நில அளவைத் திணைக்களம் தொடங்கி அப்போது மூன்று வருடம்தான், 1800 இல் தொடங்கியது. ஆட்சி செய்யப் படம் வேண்டும் என்பது வந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒஸ்லோவில் அந்த முதல் போட்டி நடந்த அதே 1897 இல்தான் இங்கே மைலுக்கு ஓர் அங்குல அளவில் தீவு முழுவதையும் படமாக்கும் வேலை தொடங்கியது. 72 தாள்களாக 1924 இல் முடிந்தது. வெயிலில் சங்கிலி இழுத்து அளந்தவர்களில் எத்தனை பேர் எங்கள் ஊரவர்கள் என்று எந்தத் தாளிலும் இல்லை.

அதன் பேரப்பிள்ளைதான் சாதாரண தரப் புவியியல் வினாத்தாளில் வரும் 1:50,000 இடவிளக்கப்படம். படத்தில் 2 சென்றிமீற்றர், தரையில் 1 கிலோமீற்றர். பிள்ளைகள் அதைப் பரீட்சைக்குப் பாடமாக்குகிறார்கள். தங்கள் ஊர் எந்தத் தாளில் வருகிறது என்று கேட்டால் தெரியாது. ஆகவே விடுமுறையில் பாடத்தைக் காலால் படிக்கவிடுகிறோம். 28 அங்குலச் சில்லுள்ள பழைய லுமாலா சைக்கிள் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.2 மீற்றர் போகும். சில்லில் சிவப்புத் துணி கட்டி ஒருவர் உருட்ட மற்றவர் எண்ணினால், சுமார் 450 சுற்றில் ஒரு கிலோமீற்றர். பழைய காலத்தில் நில அளவையாளர்களும் சில்லு உருட்டித்தான் பாதைகளை அளந்தார்கள். திசை படிப்பிப்பது எங்கள் பிள்ளைகளுக்கு இன்னும் சுலபம். கிப்லா தெரியாத பிள்ளை இல்லை. வன்னியிலிருந்து அது நேர் மேற்கல்ல, மேற்கிலிருந்து வடக்கே சுமார் 22 பாகை. பள்ளிவாசலின் சுவரை வைத்தே முதல் திசைகாட்டிப் பாடத்தை நடத்தலாம்.

இனி அந்த உம்மாவின் பயத்துக்கு வருகிறோம்.

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரைப் புலிகள் வெளியேற்றினார்கள். முல்லைத்தீவு, தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, நாச்சிக்குடா என்று எல்லா ஊர்களிலிருந்தும், கையில் எடுக்க முடிந்ததோடு கிளம்பினார்கள். எங்களைப் போன்றவர்கள் புத்தளத்தில் வளர்ந்தோம். குளத்தின் பெயர்கள் தெரியும், மூத்தவர்கள் சொல்லிச்சொல்லி மனப்பாடம். குளம் எந்தப் பக்கம் என்று தெரியாது. இங்கே இருந்த தமிழ் மக்களுக்கும் மண் மிச்சமாக இருக்கவில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் எரிபொருள் இல்லாமல் வன்னி முழுவதும் சைக்கிளில்தான் ஓடியது. விறகு, நெல், நோயாளி எல்லாம் சைக்கிளில். ஆண் பெண் வேறுபாடில்லாமல் ஒரு தலைமுறையே மிதித்தது. பிறகு 2008 இலும் 2009 இலும் அதே சைக்கிள்களை உருட்டிக்கொண்டு கிளிநொச்சியிலிருந்து கடற்கரைப் பக்கமாகப் போனார்கள். கடைசியில் செட்டிகுளத்து மெனிக் பாம் முட்கம்பிக்குள் வந்து நின்றார்கள்.

திரும்பிவந்த இரண்டு சமூகத்துக்கும் மண் சொன்ன முதல் சொல் "மிதிவெடி". மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை. றோட்டின் நடுவால் நட, காட்டுக்குள் சிறுநீர் கழிக்கவும் இறங்காதே, தெரியாத பொருளைத் தொடாதே. பாடசாலைகளில் இதைத்தான் படிப்பித்தோம், படிப்பிக்கவும் வேண்டியிருந்தது. 2002 யுத்த நிறுத்தத்துக்குப் பின் தொடங்கிய மிதிவெடி அகற்றும் வேலை 2009 க்குப் பின் பெரிதாகியது. வெயிலில் தலைக்கவசத்தோடு முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாகச் சுரண்டியவர்களில் எங்கள் மாவட்டங்களின் பெண்கள் ஏராளம். இலங்கை 2017 டிசம்பரில் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. முகமாலை போன்ற இடங்களில் வேலை வருடக்கணக்கில் இழுத்தது.

அதனால் அந்த உம்மாவிடம் நாங்கள் தர்க்கம் செய்யவில்லை. எங்கள் பயிற்சி காட்டுக்குள் நடக்காது. பாடசாலை வளவு, ஊர் ஒழுங்கைகள், குளக்கட்டு, அறுவடை முடிந்து சனம் நடமாடும் வயல்வெளி, இவ்வளவுதான். ஒவ்வொரு இடத்தையும் கிராம சேவகரிடமும் கிளிநொச்சியிலுள்ள பிராந்திய மிதிவெடி நடவடிக்கை அலுவலகத்திலும் விசாரித்த பிறகுதான் படத்தில் புள்ளி வைப்போம். யானை இறங்கும் குளத்தடிக்கு விடியப்புறமோ மாலையிலோ போகமாட்டோம். ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். ஆபத்து நீங்கிய மண்ணிலும் கால் வைக்கத் தெரியாத பிள்ளைக்கு அந்த மண் இன்னும் மிதிவெடி வயல்தான். மீள்குடியேறியபோது காடு மூடிய காணியில் பழைய கிணற்றுக்கட்டையும் புளியமரத்தையும் வைத்துத்தான் மூத்தவர்கள் எல்லையைக் கண்டுபிடித்தார்கள். அவர்களுக்குப் பிறகு யார் காட்டுவது? போன் நாங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும். அந்தக் கிணறு யாருடையது என்று அதற்குத் தெரியாது.

ஓட்டத்தைப் பற்றி ஒரு சொல். முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா 2023 இல் தன் 72 ஆவது வயதில் பிலிப்பைன்ஸ் போய், மூத்தோருக்கான ஆசிய மெய்வல்லுநர் போட்டியில் இரண்டு தங்கமும் ஒரு வெண்கலமும் வென்றுவந்தார். எங்கள் தண்ணீரூற்றுக்குப் பக்கத்து ஊர். "வயசுப் பிள்ளை ஓடலாமா" என்று கேட்பவர்களுக்கு அவரைத்தான் காட்டுகிறோம். மறுபக்கம், 2024 மார்ச்சில் திருக்கோவிலில் பாடசாலை மரதனில் ஓடிய 16 வயது மாணவன் இறந்ததையும் மறக்கவில்லை. சோளகக் காற்று வீசினாலும் எங்கள் வெயில் வெயில்தான். சுபஹுக்குப் பிறகு தொடங்கி எட்டு மணிக்குள் ஓட்டம் முடியும். தலை சுற்றுகிறது என்று சொல்லும் பிள்ளையை அந்த இடத்திலேயே நிழலில் இருத்துவோம், "கொஞ்சம்தானே, ஓடு" என்று யாரும் சொல்லக்கூடாது. முதல் வாரம் நேரம் எடுப்பதும் இல்லை, பரிசும் இல்லை.

சனிக்கிழமை தொடங்குகிறோம். தண்ணீர்ப் போத்தல், தொப்பி, இருந்தால் சைக்கிள். பெண்பிள்ளைகளோடு ஆசிரியைகள் வருவார்கள். வீட்டில் வாப்பும்மா, உம்மும்மா, மூத்தவர்கள் யாராவது நடக்கக்கூடியவர்களாக இருந்தால் அவர்களையும் அனுப்புங்கள், கதிரை போட்டு வைத்திருப்போம். எங்கள் தாளில் சில குளங்கள் கைவிடப்பட்டவை என்று மட்டும் குறிக்கப்பட்டுப் பெயரில்லாமல் இருக்கின்றன. பெயர் தெரிந்தவர்கள் சொன்னால் பிள்ளைகள் பென்சிலால் எழுதிக்கொள்வார்கள்.