தேவாங்கின் கண்

தேவாங்கின் கண் என்பது மங்கிய ஒளியில் இரைதேடுவதற்கு ஏற்ப அமைந்த, உடலளவுக்கு மிகப் பெரிய பார்வை உறுப்பு. மைசூரின் பெயரால் அறியப்படும் துணையினமான மைசூர்த் தேவாங்கு கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் வாழ்கிறது.

மனிதக் கண்ணைப் போலவே இதிலும் ஒளி கருவிழி வழியே நுழைந்து, வில்லையால் விழித்திரையில் குவிந்து, நரம்புச் சைகையாக மூளையை அடைகிறது. முக்கிய வேறுபாடு விழித்திரைக்குப் பின்னால் உள்ளது. மனிதருக்கு இல்லாத ஒளித்தெறிப்புப் படலம் ஒன்று, உறிஞ்சப்படாத ஒளியை மீண்டும் விழித்திரைக்கே திருப்புகிறது. டார்ச்சில் சிவப்புத் தாள் கட்டி இரவில் தேடும் ஆய்வாளர்கள், கிளைகளுக்கிடையே இத்தெறிப்பால் செம்மஞ்சளாக மின்னும் இரு புள்ளிகளைக் கொண்டே விலங்கை அடையாளம் காண்கின்றனர். விழித்திரையில் ஒளியை உணரும் கோல் செல்கள் மிகுந்திருப்பதால் மங்கிய ஒளி போதும். நிறம் பிரித்தறியும் திறன் குறைவு. கண்கள் முன்னோக்கி இருப்பதால் பூச்சியின் தொலைவைக் கணித்துக் கையால் பற்றுகிறது. பூனை, மான் கண்களிலும் ஒளித்தெறிப்புப் படலம் உண்டு.

நாட்டு மருத்துவத்துக்காகவும் மாந்திரீகத்துக்காகவும் இக்கண்கள் பறிக்கப்பட்டது பெருங்கொடுமை. அவற்றுக்கு மருத்துவ குணம் எதுவும் இல்லை. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் (1972) முதல் அட்டவணையில் தேவாங்கைச் சேர்த்துள்ளது. 2022-இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பு கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.