இணையச் சேவைகளில் எக்ஸ்எம்எல் தரவுப் பிணைப்பு: ஜாவாவின் இருபது ஆண்டுகள்

எக்ஸ்எம்எல் 1.0 வரையறையை டபிள்யூ3சி 1998 பிப்ரவரியில் வெளியிட்டது. அதைப் படிப்பதற்கான இரண்டு வழிகளும் அதே ஆண்டில் நிலைபெற்றன. சாக்ஸ், ஆவணத்தை வாசித்துச் செல்லச் செல்ல ஒவ்வொரு குறியொட்டையும் ஒரு நிகழ்வாக அறிவித்தது. டாம், ஆவணம் முழுவதையும் நினைவகத்தில் மரமாகக் கட்டியது. எதை எடுத்துக்கொண்டாலும் நிரலர் கையில் கிடைத்தவை உறுப்புகளும் உரைத் துண்டுகளுமே. ஒரு கொள்முதல் ஆணையின் மொத்தத் தொகை வேண்டுமென்றால் உரிய உறுப்பைத் தேடி, அதன் உரையை எடுத்து, எண்ணாக மாற்ற வேண்டியிருந்தது. இந்தச் சலிப்பூட்டும் வேலையைக் கருவியிடம் விட்டுவிட்டு, ஆவணத்தை ஜாவாப் பொருளாகவே பெறுவதுதான் தரவுப் பிணைப்பு. சன் நிறுவனம் 1999இல் ஜேஎஸ்ஆர் 31 வழியாக இதற்கொரு தரத்தை முன்மொழிந்தது. அதன் விளைவான ஜாக்ஸ்பி 1.0 வெளிவர 2003 ஆயிற்று.

அந்த இடைவெளியில்தான் இணையச் சேவைகள் பரவின. அவற்றின் செய்தி நெறிமுறையாக 2000இல் வந்த சோப் 1.1, ஆவணத்தின் அமைப்பை வரையறுக்கும் மொழியாக 2001 மே மாதத்தில் பரிந்துரையான எக்ஸ்எம்எல் ஸ்கீமாவுக்கு மூத்தது. ஆகவே பொருள்களை எக்ஸ்எம்எல்லாக எழுதும் முறையைத் தன் ஐந்தாம் பிரிவில் அதுவே வகுத்துக்கொண்டது. தொலைவிலுள்ள ஒரு செயற்கூறை அழைப்பதே அப்போதைய நோக்கம். நிரலின் வகுப்பே மூலம், எக்ஸ்எம்எல் வெறும் கடத்தும் வடிவம். 2002இல் வந்த ஜாவாவின் சேவைத் தரமான ஜாக்ஸ்-ஆர்பிசி 1.0 இதே நோக்கில் உருவானது. ஜாக்ஸ்பி அப்போது முடிந்திராததால் தனக்கென ஒரு பிணைப்பை வைத்துக்கொண்டது. ஸ்கீமாவின் ஒரு பகுதியை மட்டுமே அது அறிந்திருந்தது. அறியாதவற்றை மர வடிவிலேயே நிரலரிடம் ஒப்படைத்தது.

இந்த ஏற்பாடு ஒரே நிறுவனத்தின் கருவிகளுக்குள் ஓடியது. ஜாவாவும் டாட்நெட்டும் பேச வேண்டிய இடத்தில் தடுமாறியது. டபிள்யூஎஸ்-ஐ அமைப்பின் அடிப்படைச் சுயவிவரம் சோப்பின் பழைய குறியாக்க முறையை விலக்கி, செய்தி ஸ்கீமாவில் உள்ளபடியே அமைய வேண்டும் என்றது. இந்த வரலாற்றின் உண்மையான திருப்பம் இதுவே. வகுப்பு அல்ல, ஸ்கீமாவே இரு தரப்புக்கும் ஒப்பந்தம் என்றானபின், ஒரு பிணைப்புக் கருவி ஸ்கீமாவை எவ்வளவு புரிந்துகொள்கிறது என்பது தலையாய கேள்வியாயிற்று.

அதற்குக் கிடைத்த விடைகள் ஒன்றுக்கொன்று எதிரானவை. பிஈஏ நிறுவனம் உருவாக்கி 2003இல் அப்பாச்சிக்கு வழங்கிய எக்ஸ்எம்எல்பீன்ஸ், ஸ்கீமா முழுவதையும் ஆதரிப்பதை இலக்காகக் கொண்டது. அதன் வகுப்புகள் உள்ளே வைத்திருக்கும் எக்ஸ்எம்எல்லின் மேல் விரித்த ஒரு பார்வை மட்டுமே. உறுப்புகளின் வரிசை உட்பட எதுவும் தொலையாது. அதற்கான விலை, ஸ்கீமாவின் சாயலிலேயே அமைந்து வணிகத் தர்க்கத்தோடு ஒட்டாத வகுப்புகள். டெனிஸ் சோஸ்னோஸ்கி எழுதிய ஜிபிஎக்ஸ் மறுகோடிக்குப் போனது. நிரலர் தன் விருப்பப்படி வகுப்பை எழுதி, அது எக்ஸ்எம்எல்லோடு எப்படிப் பொருந்தும் என்பதைத் தனிக் கோப்பில் சொன்னால் போதும்; தொகுத்த பைட்கோடுக்குள் மாற்றும் நிரலைக் கருவியே செருகிவிடும். ஸ்கீமா மாறினாலும் வகுப்பை அப்படியே வைத்துக்கொண்டு பொருத்தக் கோப்பை மட்டும் திருத்தலாம். வேகமும் நன்று. ஆனால் நிரலைத் தொகுக்கும் பணியில் கூடுதலாக ஒரு படி சேர்ந்தது. காஸ்டர் என்ற மற்றொரு கருவியும் பொருத்தக் கோப்பை ஏற்றது, பைட்கோடைத் தொடவில்லை.

இத்தனை வழிகள் இருக்கையில் சேவைக் கட்டமைப்பு ஒன்றை மட்டும் திணிக்கலாகாது என்ற எண்ணம் அப்பாச்சியின் ஆக்சிஸ்2இல் வடிவம் பெற்றது. 2004இல் கொழும்பில் நடந்த ஆக்சிஸ் மாநாட்டில் அதன் வடிவமைப்பு தொடங்கியது. இலங்கை நிரலர்கள் அதில் பெரும்பங்கு வகித்தனர். தேவைப்படும் வரை மரத்தைக் கட்டாமல் ஒத்திவைக்கும் ஆக்சியம் என்ற அடித்தளத்தின் மேல், எந்தப் பிணைப்பையும் பொருத்தும் வசதி அமைந்தது. நிரலர் சேவை விவரக் கோப்பிலிருந்து நிரலை உருவாக்கும்போது ஏடிபி, எக்ஸ்எம்எல்பீன்ஸ், ஜிபிஎக்ஸ், ஜாக்ஸ்பி ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். எதையும் சொல்லாவிட்டால் கிடைப்பது ஆக்சிஸ்2இன் சொந்தப் பிணைப்பான ஏடிபி. எளிமையானது, ஆனால் கண்டிப்பு மிகுந்தது. மறுதரப்பு ஸ்கீமாவில் புதிய உறுப்பொன்றைச் சேர்த்து அனுப்பினால், எதிர்பாராத உள்ளுறுப்பு என்று பிழை காட்டி நின்றுவிடும். முதல் நாள் வசதியாகத் தோன்றும் இயல்புநிலைத் தேர்வு, சேவையின் இரண்டாம் பதிப்பில்தான் தன் குணத்தைக் காட்டும்.

2006இல் வந்த ஜாக்ஸ்பி 2.0 முந்தையதைத் திருத்தியது என்பதைவிடப் புதிதாக எழுதியது என்பதே பொருந்தும். முதல் பதிப்பு ஸ்கீமாவிலிருந்து இடைமுகங்களை உருவாக்கியது. அவற்றை நிறைவேற்றும் நிரல், உருவாக்கிய நிறுவனத்தின் நூலகத்தோடு கட்டுண்டிருந்தது. இரண்டாம் பதிப்பில் அனோட்டேஷன் தாங்கிய சாதாரண வகுப்புகளே போதும். வகுப்பிலிருந்து ஸ்கீமாவுக்கும், ஸ்கீமாவிலிருந்து வகுப்புக்கும் போகலாம். தெரியாத உறுப்பைக் கண்டால், சரிபார்ப்பு கோரப்படாதவரை, அது பொறுத்துக்கொண்டு தாண்டிச் செல்லும். குறைகள் இல்லாமல் இல்லை. விடுபட்ட உறுப்புக்கும் வெறுமை என்று குறிக்கப்பட்ட உறுப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் காக்க அது பயன்படுத்தும் ஜாக்ஸ்பிஎலிமென்ட் என்ற உறை, நிரலர்களின் நிரந்தர எரிச்சல்.

ஜாக்ஸ்-ஆர்பிசியின் வாரிசான ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் தனக்கெனப் பிணைப்பு எதையும் வைத்துக்கொள்ளாமல் அந்தப் பொறுப்பு முழுவதையும் ஜாக்ஸ்பியிடம் விட்டது. 2006 டிசம்பரில் ஜாவா 6 இரண்டையும் தன்னுள் சேர்த்துக்கொண்டது. எக்ஸ்ஃபயர், செல்டிக்ஸ் என்ற இரு சேவைக் கட்டமைப்புகள் இணைந்து உருவான சிஎக்ஸ்எஃப், எக்ஸ்ஃபயரின் ஏஜிஸ் பிணைப்பைக் காப்பாற்றி வைத்திருந்தபோதும் ஜாக்ஸ்பியையே இயல்புநிலையாக்கியது. ஸ்கீமாவை முழுமையாக ஆதரித்த கருவியோ வகுப்புக்கு மிகுந்த சுதந்திரம் தந்த கருவியோ வெல்லவில்லை. தனியே பதிவிறக்க வேண்டாத கருவி வென்றது. எக்ஸ்எம்எல்பீன்ஸ் 2014இல் அப்பாச்சியின் ஓய்வுக் கிடங்குக்குப் போனது. எக்செல், வேர்டு கோப்புகளைப் படிக்கும் பிஓஐ திட்டம் அதைச் சார்ந்திருந்ததால், பின்னர் அதன் பராமரிப்பில் மீண்டு வந்தது.

ஜாவாவுடன் சேர்ந்தே வரும் ஜாக்ஸ்பியின் அனுகூலமும் நிலைக்கவில்லை. ஜாவா 9இல் கைவிடப்படவுள்ளதாகக் குறிக்கப்பட்ட ஜாக்ஸ்பி, 2018 செப்டம்பரில் ஜாவா 11 வந்தபோது ஜாவாவிலிருந்தே நீக்கப்பட்டது. பழைய சேவைகளைப் புதிய ஜாவாவுக்கு நகர்த்தியவர்கள் அதைத் தனிச் சார்பாகச் சேர்க்க வேண்டியதாயிற்று. எக்லிப்ஸ் அறக்கட்டளையின் கீழ் ஜகார்தா எக்ஸ்எம்எல் பைண்டிங் என்று பெயர் மாறிய அதன் 3.0 பதிப்பில் தொகுப்புப் பெயரும் மாறியது. ஒவ்வொரு வகுப்பிலும் இறக்குமதி வரிகளைத் திருத்தும் வேலை அதனுடன் வந்தது.