கண்ணாடித் தகடுகளில் பதிந்த பாறைகள்

இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில், கெஸ்விக் என்னும் சிற்றூரில் புகைப்பட நிலையம் நடத்திவந்த ஒருவரின் புதல்வர்களான ஜார்ஜ் ஆபிரகாம், ஆஷ்லி ஆபிரகாம் என்னும் சகோதரர் இருவரும், பாறையேற்றம் ஒரு தனிக்கலையாக உருப்பெற்ற காலத்தின் பிரதான சாட்சிகளாவர். 1886ஆம் ஆண்டில் ஹாஸ்கெட் ஸ்மித் என்பவர் தன்னந்தனியராய் அம்மாவட்டத்து நேப்ஸ் ஊசிப்பாறையின் உச்சியை எய்திய பின்னர், அக்கலையில் ஈடுபட்டோர் பெருகினரெனினும், அவர்தம் சாதனையைக் கண்ணாரக் காணும் பாக்கியம் பிறருக்கு வாய்க்கவில்லை. அக்குறையை நீக்கியவர்கள் இச்சகோதரரே.

கனத்த காமிராவையும், முக்காலியையும், எளிதில் உடையக்கூடிய கண்ணாடித் தகடுகளையும் சுமந்துகொண்டு செங்குத்தான பாறைகளுக்குச் சென்று, கால் வைக்கவும் இடம் அரிதான விளிம்புகளில் அவற்றை நிலைநிறுத்தி, தகடு ஒளியை ஏற்கும் வரையில் ஏறுவோரை அசையாது நிற்கச் செய்து அவர்கள் படம் பிடித்தது, ஏறுதலுக்குச் சற்றும் குறையாத சாகசமாகும். ஓவன் கிளின் ஜோன்ஸ் என்னும் பாறையேறுநர் 1897இல் வெளியிட்ட ஏரி மாவட்டப் பாறையேற்ற நூலை அவர்களுடைய படங்களே அலங்கரித்தன. 1899இல் ஆல்ப்ஸ் மலையில் ஜோன்ஸ் வீழ்ந்து மடிந்த பின்னரும், சகோதரர் அப்பணியைக் கைவிடாது, வடவேல்ஸ் பாறைகளைப் பற்றி 1906இல் தாமே நூலியற்றினர். ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவைப் பற்றி ஆஷ்லி 1908இல் எழுதினார்.

வீரச்செயல் புரிந்தோரின் கீர்த்தியைப் பேசும் சரித்திரம், அதே அபாயத்தில் நின்று அதனைப் பதிவுசெய்தோரையும் சமமாகப் போற்றுதலே நியாயமாகும்.