சீட்டுக்குக் கீழே ஒரு சரித்திரம்

போன மாசம் எங்க வீட்டு செகண்ட் ஹேண்ட் காரில் முன்பக்க இடது சீட், டேஷ்போர்டை ஒட்டியே நின்னுடுச்சு. பின்னாடி மூட்டை ஏத்த முன்னே தள்ளினது, திரும்பி வரலை. அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி மூணு வாரம். பாலவாக்கத்திலேர்ந்து அடையாறுக்கு பிசியோதெரபி போகணும். அந்த இடுக்கில் அவர் காலை வைக்கவே முடியாது. ஒரு சர்வீஸ் சென்டரில் "மாட்யூல் மாத்தணும் சார்" என்றார்கள். சொன்ன தொகைக்கு நல்ல லேப்டாப்பே வாங்கலாம் :-(

கடுப்பில் இந்த சீட்டோட சரித்திரத்தைத் தோண்டினேன்.

1940-களில் சில அமெரிக்க கார்களில் சீட்டை நகர்த்தியது ஹைட்ராலிக் எண்ணெய். ஒழுகினால் கண்ணுக்கே தெரியும். 1950-களில் மின் மோட்டார் வந்தது. பல கார்களில் மோட்டார் ஒண்ணே ஒண்ணுதான். எந்தப் பக்கம் நகரணும் என்பதை சோலனாய்டு முடிவு செய்யும். மோட்டார் சத்தம் கேட்டும் சீட் அசையலைன்னா சோலனாய்டோ கேபிளோ. சத்தமே இல்லைன்னா கரண்ட். காதே டெஸ்டர்! 1957-லேயே கேடிலாக் எல்டொராடோ ப்ரோம் காரில் இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும் சீட் வந்தாச்சு. நம்ம அம்பாசடரில் அப்போ பெஞ்ச் சீட்தான்.

அப்புறம் ஒவ்வொரு அசைவுக்கும் தனி மோட்டார். ஸ்விட்ச் பாசிட்டிவையும் எர்த்தையும் மாத்திக் கொடுத்தா மோட்டார் எதிர்ப்பக்கம் சுத்தும். 1986-இல் பாஷ் நிறுவனம் கேன் பஸ்ஸை அறிமுகப்படுத்தியது. அதன் பிறகு வந்த பல கார்களில் ஸ்விட்ச் மோட்டாரை நேரா ஓட்டுறதில்லை, மாட்யூலுக்கு செய்தி அனுப்புது. அங்கேதான் "ஸ்கேனர் இல்லாம முடியாது" என்ற பேச்சு ஆரம்பம்.

நானும் இன்ஜினியராச்சே! மல்டிமீட்டர் வச்சுப் பார்த்தேன். சீட்டுக்குப் போற ஒயரில் 12 வோல்ட், பக்கா. சரி, மாட்யூல்தான் போச்சுன்னு முடிவே பண்ணிட்டேன்.

தெருமுனை ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். கையில் ரெண்டு ஒயர் கட்டின பழைய ஹெட்லைட் பல்பு. என் மீட்டர் 12 காட்டின அதே இடத்தில் வச்சார். எரியலை. எர்த் ஒயரை மட்டும் எடுத்து பாடி போல்ட்டில் வச்சார். பளிச்!

"தம்பி, எர்த் போச்சு."

கார்ப்பெட்டுக்குக் கீழே கனெக்டர் முழுக்க பச்சைக் களிம்பு. கடல் காத்தும், மழைக்கு உள்ளே இறங்கின தண்ணியும் செஞ்ச வேலை. மீட்டரின் உள்தடை சுமார் 10 மெகா ஓம். நடுவில் களிம்பு 100 ஓம் தடுத்தாலும் அது 12 வோல்ட்டுன்னுதான் சொல்லும். 55 வாட் பல்பு நாலு ஆம்பியருக்கு மேலே கேட்கும். அங்கே குட்டு வெளிப்படும்.

சுரண்டி, புது டெர்மினல் போட்டு, 400 ரூபாய். சீட் பின்னாடி போச்சு. மறுநாள் அப்பா காலை நீட்டி உட்கார்ந்து வந்தார்.

ஃப்யூஸ், சப்ளை, எர்த், கனெக்டர், ஸ்விட்ச், மோட்டார், கடைசியாத்தான் மாட்யூல். எழுபது வருஷமா வரிசை இதேதான். ஒண்ணு மட்டும் ஜாக்கிரதை மக்களே: சீட்டுக்குக் கீழே மஞ்சள் கனெக்டர் இருந்தா அது ஏர்பேக். பல்பை அதுகிட்ட கொண்டு போகாதீங்க!