திறமூலத்தில் முடிவெடுக்கும் உரிமை: குரோம்பேட்டை அனுபவத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

திறமூல மென்பொருளின் உரிமம் நிரலைப் படிக்கவும் மாற்றவும் பகிரவும் எவருக்கும் இசைவு தருகிறது. மூலத் திட்டத்தில் எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது, எந்த வழுவை முதலில் களைவது என்பதை யார் தீர்மானிப்பார்கள் என்று அது சொல்வதில்லை. இந்த அதிகாரத்தை நிரல் எழுதியோருக்கு மட்டுமோ பணம் கொடுத்தோருக்கு மட்டுமோ விட முடியாது. முடிவின் தன்மையைப் பொறுத்தே அதைப் பகிர வேண்டும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. சென்னையை அடுத்த குரோம்பேட்டை வட்டாரத்தில் இதற்கான சான்றுகள் உள்ளன.

2005இல் மத்திய அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை, கட்டற்ற, திறமூல மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நிறுவியது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யூ.-கே.பி.சி. ஆய்வு மையமும் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னைப் பிரிவும் அதை நடத்தின. 2007இல் அம்முயற்சியிலிருந்து ‘பாஸ்’ லினக்ஸ் இயங்குதளம் வெளிவந்தது. 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸும் மாணவர் கைக்குப் போனது.

பாஸின் அடித்தளம் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம். டெபியனுக்கு 1998 முதல் எழுதப்பட்ட அமைப்புச் சட்டம் உண்டு. அதன் தலைவரை உறுப்பினர்கள் ஆண்டுதோறும் வாக்களித்துத் தேர்கிறார்கள். தலைவரின் முடிவையும் பொதுத் தீர்மானத்தால் மாற்றலாம். பாஸோ தகவல் தொழில்நுட்பத் துறையின் நிதியில் சி-டாக் நடத்திய திட்டம். மடிக்கணினியைப் பெற்ற மாணவருக்கும் அதைக் கொண்டு பாடம் நடத்திய ஆசிரியருக்கும் அதில் வாக்கு இல்லை. டெபியனின் நிரலை எடுத்துக்கொண்டோம். அதன் ஆட்சிமுறையை எடுத்துக்கொள்ளவில்லை.

இதனால் என்ன குறை என்று கேட்கலாம். விசைப்பலகையைப் பார்ப்போம். மத்திய அரசு தரமாக ஏற்றது இன்ஸ்கிரிப்ட். தமிழக அரசு 1999இல் ஏற்றது தமிழ்99. ‘அம்மா’ என்று அடிக்கத் தமிழ்99இல் நான்கு விசைகள் போதும். மகரத்தை இருமுறை தட்டினால் புள்ளி தானே விழும். இன்ஸ்கிரிப்டில் ஷிப்ட்டோடு சேர்த்து அகரம், பின் மகரம், புள்ளி, மறுபடி மகரம், கால் என ஐந்து விசைகள். இந்திய மொழிகள் அனைத்துக்கும் ஒரே அமைப்பு என்பது இன்ஸ்கிரிப்டின் பலம். தமிழுக்கென்றே அமைந்தது தமிழ்99இன் பலம். கணினியைத் திறந்ததும் இரண்டில் எது முன்னிற்க வேண்டும்? இது நிரல்திறனால் தீரும் கேள்வி அன்று. ஆனால் விசைப்பலகைக் கோப்பில் ஒரு வரியைச் சேர்க்க இசைவு தருபவர் அதன் பராமரிப்பாளர். அவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

நிரல் எழுதியோரே ஆளட்டும் என்பவர்களின் வாதமும் வலுவானது. பின்விளைவைச் சுமப்பவர்கள் அவர்கள். இரவில் வழுவைத் தேடுபவர்களும் அவர்களே. எக்ஸ்-இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் 2024 மார்ச்சில் வெளிப்பட்ட நிகழ்வு இன்னொரு எச்சரிக்கை. களைத்துப்போன ஒரு பராமரிப்பாளரை, போலிக் கணக்குகள் எனப் பின்னர் ஐயுறப்பட்டவர்கள் பயனர்களின் பெயரால் நெருக்கினார்கள். பொறுப்பைப் பெற்ற புதியவர் பின்கதவை நுழைத்தார். பயனர் என்று சொல்லிக்கொள்ளும் எவருக்கும் வாக்கைக் கொடுப்பது ஆபத்து என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டாம்.

ஆயினும் பங்களிப்பு என்பதை நிரலாகச் சுருக்க வேண்டியதில்லை. 2010இல் டெபியன் உறுப்பினர்கள், பொதியாக்கத்தில் ஈடுபடாத பங்களிப்பாளர்களையும் முழு உறுப்பினர்களாக வரவேற்றுத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். மொழிபெயர்ப்பாளரும் ஆவணம் எழுதுபவரும் வாக்காளராக வழி பிறந்தது. கதவு அகன்றது, ஆனால் உழைப்பைக் காட்டியே நுழைய வேண்டும் என்ற நிபந்தனை நீங்கவில்லை.

இத்தகைய தகுதி வரம்பு நமக்குப் புதிதல்ல. செங்கல்பட்டைத் தாண்டினால் உத்திரமேரூர். பராந்தக சோழன் காலக் கல்வெட்டு அங்கே ஊர்க் குழுவான வாரியத்தின் உறுப்பினருக்கான தகுதிகளை விதிக்கிறது: வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது. நிலமற்றவர் ஏரி நீரை நம்பி வாழ்ந்தாலும் ஏரி வாரியத்துக்கு வர முடியாது. நிரல் எழுதாதவருக்கு வாக்கில்லை என்ற விதியும் இதே ரகம்தான். அந்த வரம்பை நாம் கைவிடலாம். அதே கல்வெட்டின் மற்றொரு விதி இன்றும் தேவை: பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி வர முடியாது. தமிழ்க் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் நடத்தும் கணியம் அறக்கட்டளை தன் பணிகளையும் வரவு செலவையும் அறிக்கையாக வெளியிட்டு வந்திருப்பது இந்த மரபோடு ஒத்துப்போகிறது. பெரிய நிதியில்லாத தன்னார்வ அமைப்பால் முடிவது, அரசு நிதி பெறும் திட்டத்தால் முடியாமல் போகாது.

எனவே முடிவெடுக்கும் உரிமையை மூன்றாகப் பிரிக்கலாம். நிரலின் தரமும் பாதுகாப்பும் பராமரிப்பாளர் வசம் இருக்க வேண்டும். பயனர் எண்ணிக்கை அதை வெல்லக் கூடாது. கலைச்சொல், எழுத்துரு, விசைப்பலகை போன்ற மொழி சார்ந்த முடிவுகள், பங்களிப்பால் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரும் ஆசிரியரும் அடங்கிய குழுவிடம் போக வேண்டும். பராமரிப்பாளர் மறுத்தால் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். நிதி தருபவர் எதற்குத் தருகிறோம் என்று வரையறுக்கலாம்; நிரலுக்குள் எது நுழையும் என்று ஆணையிடக் கூடாது. சாதாரணப் பயனருக்கு வாக்கு இல்லாவிடினும், முறையிடும் உரிமையும் பதில் பெறும் உரிமையும் உண்டு.

பிடிக்கவில்லையென்றால் நிரலை நகலெடுத்துத் தனித் திட்டம் தொடங்கலாமே என்பது பழகிய மறுப்பு. 2010இல் ஓப்பன் ஆபிஸிலிருந்து பிரிந்து லிப்ரே ஆபிஸ் தழைத்தது உண்மை. ஆனால் அதற்குப் பெரும் பங்களிப்பாளர் கூட்டம் கைகொடுத்தது. வெளியேறுவதும் குரல் கொடுப்பதும் வேறு வேறு என்று பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இலேயே பிரித்துக் காட்டினார். முழு இயங்குதளத்தைத் தாங்கும் ஆள்பலம் இல்லாத சிறு மொழிக் குழுவுக்கு வெளியேற்றம் பெயரளவுக் கதவே. குரல்தான் அதற்கு மெய்யான காப்பு.

இங்கிருந்து நடைமுறைக்கு ஒரு முடிவு கிடைக்கிறது. இனி பொதுப்பணத்தில் தொடங்கும் எந்தத் திறமூலத் திட்டத்தின் அரசாணையிலும் உரிமத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. முடிவெடுப்பவர் யார், அவரை மாற்றுவது எப்படி, எவ்வளவு காலத்துக்குள் முறையீட்டுக்குப் பதில் வர வேண்டும் என்ற மூன்றும் அதே ஆணையில் இடம்பெற வேண்டும்; அவை எழுதப்படாத திட்டத்துக்கு நிதி விடுவிக்கக் கூடாது.