குதிரைப் பயிற்சித் தாண்டு தடை

குதிரைப் பயிற்சித் தாண்டு தடை என்பது குதிரையையும் அதன் மீது சவாரி செய்பவரையும் தடை தாண்டுதலில் பழக்குவதற்காக அமைக்கப்படும், இடம் மாற்றக்கூடிய தடை ஆகும். இரண்டு தாங்குதூண்களும், அவற்றில் பொருத்திய கிண்ணங்களின் மேல் கிடக்கும் ஒரு கழியும் சேர்ந்ததே இதன் மிக எளிய வடிவம். போட்டிகளுக்கென விற்கப்படும் தடைகள் விலை மிக்கவை. ஆதலால் ஐக்கிய அமெரிக்கா, பிரித்தானியா போன்ற நாடுகளில் சிறு பண்ணைகளிலும் வீட்டு மேய்ச்சல் நிலங்களிலும் குதிரை வளர்ப்போர் மரச்சட்டம், பிளாஸ்டிக் குழாய், பீப்பாய் முதலிய பொருட்களைக் கொண்டு இவற்றைத் தாமே செய்துகொள்வது வழக்கம்.

இத்தகைய தடையின் தரம் அதன் விலையையோ தோற்றத்தையோ பொறுத்தது அன்று. குதிரையின் கால் பட்டவுடன் கழி தடையின்றிக் கீழே விழுகின்றதா என்பதே முதன்மையான அளவுகோல். பணத்தை மிச்சப்படுத்தும் முயற்சிகள் பல நேரங்களில் இந்த ஒரு பண்பையே அறியாமல் கெடுத்துவிடுகின்றன.

வரலாறு

18 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட நில அடைப்புச் சட்டங்களால், பொதுவாக இருந்த நிலங்கள் வேலிகளாலும் புதர் வரிசைகளாலும் பிரிக்கப்பட்டன. நரி வேட்டைக்குச் சென்றவர்களின் குதிரைகள் இவ்வேலிகளைத் தாண்டியாக வேண்டிய தேவை ஏற்பட்டது. தடை தாண்டுதல் தனித்திறனாக வளர்ந்தது இதன் பின்னரே.

தொடக்கத்தில் சவாரி செய்பவர் குதிரை தாண்டும்போது பின்னோக்கிச் சாய்வதே முறையாக இருந்தது. இத்தாலியக் குதிரைப்படை அலுவலரான பெதரிக்கோ கப்ரில்லி (1868–1907) குதிரையின் இயல்பான அசைவுக்கு இடையூறு இன்றி முன்னோக்கிச் சாயும் முறையை உருவாக்கினார். இன்று உலகெங்கும் பின்பற்றப்படுவது இம்முறையே.

1900 ஆம் ஆண்டு பாரிசு ஒலிம்பிக்கில் குதிரை தடைதாண்டல் இடம்பெற்றது. 1912 ஆம் ஆண்டு இசுட்டாக்கோம் போட்டிகளிலிருந்து அது ஒலிம்பிக்கில் நிலையான இடம் பெற்றது. 1921 இல் பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு நிறுவப்பட்டது. 1949 பெப்ரவரி 5 அன்று சிலி நாட்டின் வீனா டெல் மார் நகரில் அல்பர்ட்டோ லர்ராகுய்பல் என்பவர் உவாசோ என்னும் குதிரையில் 2.47 மீட்டர் உயரம் தாண்டினார்.

பயிற்சித் தடைகளுக்கு இத்தகைய உயரம் தேவை இல்லை. பெரும்பாலான வீட்டுப் பயிற்சி 30 செமீ முதல் 90 செமீ வரையிலான உயரங்களிலேயே நடைபெறுகின்றது. தடைகளை எளிய பொருட்களைக் கொண்டு செய்ய முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விழும் தன்மை

போட்டிகளில் குதிரைகள் பொதுவாக நிமிடத்துக்கு 350 மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட வேகத்தில் செல்கின்றன. இது நொடிக்கு ஏறத்தாழ 5.8 மீட்டர் ஆகும். 500 கிலோகிராம் எடையுள்ள குதிரை இவ்வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 8,400 யூல். கழி விழுந்துவிட்டால் இதில் மிகச் சிறு பகுதியே இழக்கப்படும். குதிரை தொடர்ந்து ஓடும். கழி விழாவிட்டால் குதிரையின் முன்னங்கால்கள் நின்றுவிட, உடல் கழியை அச்சாகக் கொண்டு முன்னோக்கிக் கவிழும். இது சுழல் வீழ்ச்சி எனப்படும். குதிரை சவாரியாளரின் மேலேயே விழக்கூடும் என்பதால் வீழ்ச்சிகளில் இதுவே மிக ஆபத்தானது.

1999 ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் திறந்தவெளி ஓட்டத்தை உள்ளடக்கிய முக்கூட்டுக் குதிரையேற்றப் போட்டிகளில் ஐந்து சவாரியாளர்கள் உயிரிழந்தனர். அவ்வகை ஓட்டத்தின் தடைகள் அசையாதவாறு கட்டப்படுபவை. இதன் பின்னர் மோதலின்போது உடைந்தோ கழன்றோ கழியை விடுவிக்கும் ஊசிகளும் கவ்விகளும் உருவாக்கப்பட்டுப் பயன்பாட்டுக்கு வந்தன. அசையாத தடைகளையே விழும் தடைகளாக மாற்ற இவ்வளவு முயற்சி தேவைப்பட்டது. இயல்பாகவே விழ வேண்டிய கழியை வீட்டில் ஆணி அடித்தோ கயிற்றால் கட்டியோ நிலைப்படுத்துவது இதற்கு நேர் எதிரான செயலாகும்.

கிண்ணத்தின் ஆழம்

கழி விழுவதைத் தீர்மானிப்பது கிண்ணத்தின் ஆழமே. பன்னாட்டுக் கூட்டமைப்பின் விதிகளின்படி கழி கிண்ணத்தில் உருளக்கூடியதாக இருத்தல் வேண்டும். கிண்ணத்தின் ஆழம் 18 மிமீ முதல் 30 மிமீ வரை இருக்கலாம். பலகைகளுக்கும் படல்களுக்கும் இதைவிடத் திறந்த, அல்லது தட்டையான தாங்கிகள் தேவை.

இவ்விதியின் பொருளை எளிய கணக்கால் விளக்கலாம். கழியின் விட்டம் 100 மிமீ என்றும், அதனைக் குதிரையின் கால் கழியின் நடு உயரத்தில் கிடையாகத் தள்ளுகின்றது என்றும் கொள்வோம். கழி கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டி வெளியேறத் தேவைப்படும் விசை பின்வருமாறு அமையும்.

• ஆழம் 20 மிமீ எனில், கழியின் எடையைப் போல் 1.3 மடங்கு
• ஆழம் 25 மிமீ எனில், 1.7 மடங்கு
• ஆழம் 30 மிமீ எனில், 2.3 மடங்கு
• ஆழம் 50 மிமீ எனில், எவ்வளவு பெரிய கிடை விசையாலும் கழி வெளியேறாது

கடைசி நிலை கவனத்துக்கு உரியது. செலவைக் குறைக்க விரும்புவோர் பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து கிண்ணமாகப் பயன்படுத்துவதுண்டு. அரைவட்டமான இக்கிண்ணத்தின் ஆழம் கழியின் விட்டத்தில் சரிபாதி ஆகிவிடுகின்றது. அதாவது கழி ஏறத்தாழப் பூட்டப்பட்டதற்கு ஒப்பாகும். அதே குழாயை மூன்று சம பாகங்களாகப் பிளந்தால் ஒவ்வொரு பாகத்தின் ஆழமும் விட்டத்தில் நான்கில் ஒன்றாக, அதாவது 25 மிமீ ஆக அமையும். தூணில் துளையிட்டு அதனுள் கழியைச் செருகுவதும், ஆழமான கவை வடிவில் மரத்தை வெட்டுவதும் முற்றிலும் தவிர்க்க வேண்டியவை.

கிண்ணங்கள் தனியாகவும் விற்கப்படுகின்றன. தடையின் மற்ற பகுதிகளை வீட்டில் செய்தாலும் கிண்ணங்களை மட்டும் விலைக்கு வாங்குவது பரிந்துரைக்கத்தக்கது.

தாங்குதூண்

அமெரிக்காவில் வீட்டுத் தயாரிப்புக்குப் பெரும்பாலும் கட்டட வேலைக்கான மரச்சட்டங்களே பயன்படுகின்றன. "4க்கு 4" எனப்படும் சட்டத்தின் உண்மையான பக்க அளவு 3.5 அங்குலம், அதாவது 89 மிமீ ஆகும்.

ஏறத்தாழ 1.2 முதல் 1.5 மீட்டர் நீளமுள்ள சட்டம் தூணாகின்றது. அதன் அடியில் "2க்கு 4" சட்டத்தின் 45 முதல் 60 செமீ நீளமுள்ள நான்கு துண்டுகள், காற்றாடியின் இதழ்களைப் போல் ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றாகத் திருகாணிகளால் பொருத்தப்படுகின்றன. ஆணி நாளடைவில் தளர்ந்து வெளியே நீட்டும் என்பதால் திருகாணியே ஏற்றது. தூணின் மேல் முனையையும் கால்களின் மூலைகளையும் மழுக்குதல் வேண்டும்.

கிண்ணத்தைப் பொருத்துவதற்கான துளைகள் பொதுவாக 3 அங்குல (7.6 செமீ) இடைவெளியில் இடப்படுகின்றன. இரு தூண்களையும் அருகருகே படுக்க வைத்து ஒரே நேரத்தில் அளவு குறித்தால் கழி சாயாமல் இருக்கும்.

கழி

கழிகள் பொதுவாக 3 முதல் 3.65 மீட்டர் நீளம் உடையவை. குறுகிய கழி மலிவானது; ஆனால் தடை குறுகும்போது பழக்கம் இல்லாத குதிரை பக்கவாட்டில் விலகி ஓட வாய்ப்பு அதிகம்.

சதுரச் சட்டத்தை அப்படியே கழியாகப் பயன்படுத்தலாகாது. அதன் கூரிய விளிம்புகள் காலைக் காயப்படுத்தும். கிண்ணத்திலும் அது உருளாது. எனவே நான்கு விளிம்புகளும் 45 பாகை சாய்வில் சீவப்பட்டு எண்கோணமாக்கப்படுகின்றன. 89 மிமீ பக்கமுள்ள சட்டத்தில் ஒவ்வொரு மூலையிலிருந்தும் இரு பக்கமும் 26 மிமீ அளந்து கோடிட்டுச் சீவினால், ஏறத்தாழ 37 மிமீ அகலமுள்ள எட்டுச் சமமான முகங்கள் கிடைக்கும். 3.65 மீட்டர் நீளமுள்ள இத்தகைய பைன் மரக் கழியின் எடை ஏறத்தாழ 12 கிலோகிராம் ஆகும்.

பிவிசி குழாய்கள் மலிவானவை, மழையில் உளுத்துப் போகாதவை. எனினும் மெல்லிய குழாய்கள் காற்றிலேயே விழுந்துவிடும். தட்டினாலும் வலிக்காத கழியைக் குதிரை மதிக்காமல் பழகிவிடும் என்பது பயிற்சியாளர்களின் கருத்து. வெயிலில் கிடந்து நொறுங்கும் தன்மை அடைந்த குழாய், குதிரை மிதிக்கும்போது கூரிய சில்லுகளாக உடையும். ஆகவே குழாய்களைத் தரையில் கிடத்தும் கழிகளாகப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. மூங்கில் பிளவுபட்டால் கூரிய சிம்புகள் உண்டாகும் என்பதால் அதனையும் அடிக்கடி சோதித்தல் வேண்டும்.

நிறமும் தரைக்கோடும்

குதிரையின் கண்ணில் நிறம் உணரும் கூம்பு செல்கள் இரு வகையே உள்ளன. நீலத்தையும் மஞ்சளையும் அது பிரித்தறியும். சிவப்பு, செம்மஞ்சள் ஆகியவற்றைப் பச்சையிலிருந்து எளிதில் பிரித்தறியாது. எனவே புல்வெளியில் வைக்கப்படும் சிவப்புக் கழி மனிதருக்குப் பளிச்செனத் தெரிந்தாலும் குதிரைக்கு அவ்வாறு தெரியாது. எக்சிட்டர் பல்கலைக்கழக ஆய்வுகளைத் தொடர்ந்து, பிரித்தானியத் தடை ஓட்டப் பந்தயங்களில் தடைகளுக்குப் பூசப்பட்டு வந்த செம்மஞ்சள் நிறத்துக்கு மாற்றாக வெண்மையைக் கொண்டுவரும் பணி 2022 இல் தொடங்கியது. வீட்டுத் தடைகளுக்கும் வெள்ளையுடன் நீலம் அல்லது அடர்நிறம் மாறி மாறி வரும் பட்டைகள் ஏற்றவை. வண்ணப்பூச்சு ஈயம் கலவாததாக இருத்தல் அவசியம். குதிரைகள் மரத்தைக் கடிக்கும் வழக்கம் உடையவை.

குதிரையின் கண்கள் தலையின் பக்கவாட்டில் அமைந்துள்ளன. நெற்றிக்கு நேர் முன்னும் மூக்கிற்கு நேர் கீழும் அதற்குக் குருட்டிடங்கள் உண்டு. எழும்ப வேண்டிய இடத்தை அது தடையின் அடிப்பகுதியைக் கொண்டே மதிப்பிடுகின்றது. இதற்கு உதவியாக, தடைக்குச் சற்று முன்னால் தரையில் ஒரு கழி கிடத்தப்படுகின்றது. இது தரைக்கோடு எனப்படும். இக்கழி தடைக்குப் பின்னால் இருந்தால் குதிரை தடை தொலைவில் இருப்பதாகக் கருதி, தாமதமாக எழும்பி மோதும். இதனால் தரைக்கோடு ஒரு பக்கம் மட்டும் உள்ள தடையை எதிர்ப்பக்கத்திலிருந்து தாண்டலாகாது.

பிற பொருட்கள்

• பீப்பாய்: படுக்க வைத்தால் உருளாதவாறு இருபுறமும் முட்டு வைத்தல் வேண்டும். விளிம்பு கூரான இரும்புப் பீப்பாயைவிடப் பிளாஸ்டிக் பீப்பாய் நல்லது.
• வைக்கோல் கட்டு: மலிவானது, மென்மையானது. கட்டிய கயிறு தளர்ந்திருந்தால் குளம்பு அதில் சிக்கும்.
• பழைய உருளிப்பட்டை: உட்குழிவில் குளம்பு மாட்டிக்கொள்ளும். தூணின் அடிப்பாரமாகச் சிமெந்து நிரப்பிப் பயன்படுத்தலாம். குதிரை தாண்டும் பாதையில் வைக்காமல் இருப்பது நல்லது.
• சரக்குத் தட்டு மரச்சட்டகம்: இலவசமாகக் கிடைப்பதால் பலர் நாடுவர். பலகைகளுக்கு இடையே உள்ள இடைவெளி காலைப் பிடித்துக்கொள்ளும், பயன்படுத்தலாகாது.
• கவலெட்டி: இரு முனைகளிலும் பெருக்கல் குறி வடிவச் சட்டத்தில் நிலையாகப் பொருத்திய தாழ்ந்த கழி. செருமானிய ஒலிம்பிக் வீரர் ரெய்னர் கிளிம்கே இப்பயிற்சி குறித்துத் தனி நூல் எழுதியுள்ளார். தனித்தனியாக இவை பயனுள்ளவை. ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் விழாமல் உருண்டு குதிரையின் காலில் சிக்கும்.

இடைவெளிகள்

தடை செலவின்றி அமைந்தாலும் இடைவெளி தவறினால் பயனில்லை. சராசரிக் குதிரையின் கேன்டர் எனப்படும் மென்பாய்ச்சலில் ஓர் எட்டின் நீளம் ஏறத்தாழ 3.65 மீட்டர் (12 அடி). தடையைத் தாண்டி இறங்கும் இடத்துக்கும், அடுத்த தடைக்கு முன் எழும்பும் இடத்துக்கும் தலா அரை எட்டு என்று கொண்டால், எட்டுகளின் எண்ணிக்கையுடன் ஒன்றைக் கூட்டி 3.65 ஆல் பெருக்கக் கிடைப்பதே இரு தடைகளுக்கு இடையிலான தொலைவு.

• ஓர் எட்டு: 7.3 மீட்டர்
• இரண்டு எட்டு: 10.95 மீட்டர்
• மூன்று எட்டு: 14.6 மீட்டர்

தாழ்ந்த தடைகளுக்கும், மட்டக் குதிரைகளுக்கும் இவற்றைச் சற்றுக் குறைத்தல் வேண்டும். டிராட் எனப்படும் இருதாள நடைக்கான தரைக்கழிகள் ஏறத்தாழ 1.3 மீட்டர் இடைவெளியில் வைக்கப்படுகின்றன.

பாதுகாப்பு விதிகள்

1. கழி தாங்காத வெற்றுக் கிண்ணங்களைத் தூணிலிருந்து கழற்றிவிடுதல் வேண்டும். வீழ்பவரையோ குதிரையையோ கிழிப்பவை பெரும்பாலும் இவையே.
2. முன்னும் பின்னும் கழி உள்ள அகலத் தடையில் பின்புறம் ஒரே ஒரு கழியே இருத்தல் வேண்டும். அது முன்கழியைவிடத் தாழ்வாக இருந்தால் குதிரைக்குத் தெரியாது. போட்டிகளில் இப்பின்கழிக்கு, பாரம் பட்டவுடன் கழன்று விழும் பாதுகாப்புக் கிண்ணம் கட்டாயம்.
3. ஆர்சனிக் கலந்த மரக்காப்புப் பொருள் ஏற்றிய பழைய சட்டங்களைத் தவிர்க்க வேண்டும். அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுக்கான அவற்றின் தயாரிப்பு 2003 ஆம் ஆண்டு இறுதியில் கைவிடப்பட்டது.
4. தரை வழுக்காமலும் இறுகிப் போகாமலும் இருத்தல் வேண்டும்.
5. தலைக்கவசம் அணியாமலும், உடன் எவரும் இல்லாமலும் தாண்டலாகாது.

புதிதாகச் செய்த தடையைக் குதிரை தாண்டுவதற்கு முன், கழியின் நடுவில் கையால் கிடையாகத் தள்ளிப் பார்ப்பது எளிய சோதனையாகும். கழி உருண்டு விழுந்தால் தடை பயன்பாட்டுக்கு ஏற்றது. தூண் சாய்ந்தாலோ கழி அசையாமல் நின்றாலோ கிண்ணத்தை மாற்றிய பின்னரே பயன்படுத்துதல் வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

• குதிரையேற்றம்
• குதிரை
• பெதரிக்கோ கப்ரில்லி
• ஒலிம்பிக்கில் குதிரையேற்றம்